மரத்தைப் பார்த்துப் பேசிய கிளாக்கர்

எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகும்வரை என் மாமி என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. கோபம் ஒன்றுமில்லை, அதுதான் மரியாதை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வந்தவனுக்கு முன்னால் மாமியார் நேரே நின்று முகம் பார்த்துப் பேசுவது அழகில்லை என்று வைத்திருந்தார்கள். ஆனால் வேலிக்குள் ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே குசினி அடுப்பு. சொல்ல வேண்டியது ஏராளம் சேர்ந்துவிடும். அதனால் வேறு எதையாவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

என் மாமி பெரும்பாலும் கோழியைப் பார்த்துச் சொல்லுவார். நான் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, "இந்தக் கோழிக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு வேணுமாக்கும்" என்பார். "போதும்" என்று நானும் கோழிக்கே பதில் சொல்லுவேன். பிந்தி வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடத்திடம் என்னைப் பற்றி முறையிடுவார். கழற்றிய சட்டையைக் கதிரையில் போட்டால் விளக்குமாற்றிடம் சொல்லுவார். விளக்குமாற்றிடம் சொல்லப்படும் விஷயங்களை நான் கூடிய கவனத்தோடு கேட்பேன், ஏனென்றால் அப்போது அது அவர் கையில் இருக்கும்.

நான் வந்தாறுமூலைப் பக்கத்தவன். பெரிய உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு பட்டினத்துச் சபைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். நாய்களுக்கு உரிம வில்லை கொடுப்பது, சந்தையில் இடத்தகராறு தீர்ப்பது, அதோடு மரங்கள். மூன்றிலும் மரங்கள்தான் கூடுதலாகத் தொந்தரவு தந்தன. ஊரில் என்னை மரக் கிளாக்கர் என்றே சொன்னார்கள்.

எந்தக் காலத்திலோ ஒரு துரை வாவிக்கரைத் தெருவில் குதிரையில் போனபோது தலையில் வெயில் பட்டதாம். அதிலிருந்து பிறந்த சட்டம் இது. தெருவோரத்தில் நின்ற பெரிய மரங்களையெல்லாம், தனியார் வளவுக்குள் நின்றவற்றையும் சேர்த்து, எண்ணித் தகரத்தில் இலக்கம் போட்டு ஆணியடித்துவிட்டார்கள். தகரம் அடித்த மரத்தைச் சபையின் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. கொப்புத் தறிப்பதற்கும் அனுமதி வேண்டும். ஆனால் மணிக்கட்டை விட மெல்லிய கொப்பென்றால் ஆட்டுக்கு ஒடித்துக்கொள்ளலாம்.

யாருடைய மணிக்கட்டு என்று விதியில் இல்லை. ஊர்ச் சனம் விடுமா? ஆடு வளர்ப்பவர்கள், தோணி வலித்துக் கை பருத்துப்போன உறவுக்காரர்களாகத் தேடிக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த மைத்துனனுடைய மணிக்கட்டு என் முழங்காலளவு இருந்தது. கடைசியில் சபை கூடி, இனி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரின் மணிக்கட்டே அளவு என்று தீர்மானித்தது. எங்கள் ஓவசியர் யாழ்ப்பாணத்து மனிதர், முருங்கைக்காய் மாதிரி இருப்பார். அன்றைக்கே ஊரில் பாதிக் கொப்புகள் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு சனம் அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்த்தது. அவர் கொஞ்சம் சாப்பிட்டால் நல்லது என்று பலர் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கொடுத்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் மற்றவர்கள் செய்த சட்டம். ஒரே ஒரு விதி மட்டும் நான் செய்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு மனிதர், தன் பக்கத்து வளவுக்காரர் கதிர்காமத்துக்கு நடைபயணம் போயிருந்த சமயம், அவருடைய புளியமரத்தைத் தன்னுடையது என்று சொல்லி அனுமதி வாங்கித் தறித்துவிட்டார். போனவர் திருநீறும் கையுமாகத் திரும்பி வந்தபோது மரம் இருந்த இடத்தில் இலக்கத் தகரம் மட்டும் கிடந்தது. அதைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். நான் வாங்கிய பேச்சுக்கு அளவில்லை. அந்த ரோஷத்தில் அன்றிரவே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். அனுமதி வேண்டுமென்றால் மரத்தின் சொந்தக்காரர் மரத்தடியிலேயே, மரக் கிளாக்கருக்கு எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, கேட்கும் கேள்விகளுக்குத் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். வேறெவரும் அவருக்காகப் பேசக்கூடாது. ஓவசியர் சாட்சியாக நின்று குறிப்பு எழுத வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி, ஒரு மாதத்துக்குப் பிறகுதான் மறு விசாரணை. சபைச் சேர்மன் அதை இரண்டு தரம் வாசித்து, "நல்ல மூளை" என்று சொன்னார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அப்போது எனக்குக் கலியாணம் ஆகியிருக்கவில்லை. உலகத்தில் மாமியார் என்று ஒரு பிறவி இருப்பதே நினைவில் இல்லை.

கலியாணம் முடித்துப் போன வீட்டில் வாகை மரம் ஒன்று நின்றது. இலக்கம் அறுபத்தொன்று. வீடு சீதனமாக என் மனைவிக்கு எழுதியாயிற்று. ஆனால் தெருப்பக்கத்துத் துண்டு நிலம் இளைய மகளுக்கு வீடு கட்டவென்று மாமியின் பேரிலேயே இருந்தது. மரம் நின்றது அந்தத் துண்டில். அதன் பெரிய கொப்பு நீட்டிக்கொண்டிருந்தது எங்கள் அறைக் கூரைக்கு மேலே. அந்தக் கொப்பு மரத்தோடு சேருமிடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. காற்றடித்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். முதலில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவிக்கு நாள் தள்ளிப்போய் வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

பிள்ளை கார்த்திகையில் பிறக்கும் என்றார்கள். அது மாரிமழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் காலம். அதற்கு முன் அந்தக் கொப்பு இறங்கியாக வேண்டும். மாமி அதை விளக்குமாற்றிடம் சொன்னார், குடத்திடம் சொன்னார், பிறகு நாளுக்கு நாலு தரம் கோழியிடம் சொன்னார்.

மாமாவைக் கேட்டுப் பார்த்தேன். அவர் விதைப்புக் காலத்தில் வயல் வட்டையிலேயே வாடி போட்டுக் கிடப்பார், மாதம் இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவார். "வளவு அவட. மரம் அவட. மருமகனும் அவட. என்னைக் கேக்காதீங்க மனே" என்று சொல்லிவிட்டு, நெல் மூட்டையோடு வண்டியேறிவிட்டார்.

கொப்புத் தறிப்பதற்குக் காத்தான்குடியிலிருந்து, காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரைப் பேசி வைத்திருந்தேன். கோடாலியும் கயிறுமாக வந்தவர், தகரத்தைக் கண்டதும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார். அனுமதி எடுப்பதில் உள்ள சிக்கலை நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எங்கட ஊரிலயும் மாமிமார் மருமகனோட கதைக்கிறல்ல. ஆனா மரம் வெட்டுறதுக்கு அது தேவையுமில்ல. இந்த விதியை எழுதின ஆள் ஆரு?"

"ஆரோ ஒராள்" என்றேன்.

மாமியின் பெயரில் விண்ணப்பம் எழுதி, நானே வாங்கி, நானே பதிந்து, நானே விசாரணைக்கு நாள் குறித்தேன். புரட்டாதி மாதம் ஒரு காலை. ஓவசியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் மணிக்கட்டைக் கொப்புக்கு நேரே உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். "பருமன்தான்" என்றார். மாமி தலையில் முக்காடிட்டுக்கொண்டு வந்து மரத்துக்கு மறுபக்கத்தில் நின்றார். எனக்கு ஒரு காலும் சேலைக் கரையும்தான் தெரிந்தன. நான் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இலக்கத் தகரத்தைப் பார்த்தேன்.

"இந்த மரம் யாருடையது?" என்று தகரத்தைக் கேட்டேன்.

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "வாகையே, நீ ஆர்ட மரம் எண்டு தெரியாமலா இவர் ஒரு வருஷமா உன்ட நிழலில குந்தி வெத்திலை போடுறார்?"

ஓவசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, மரத்துக்கில்லை. கிளாக்கரைப் பார்த்துச் சொல்லுங்கோ."

"வாகையே, ஓவசியருக்குச் சொல்லு. அவர் எங்கட மருமகன்."

"மருமகனெண்டா என்ன? அவரும் ஒரு மனிசன்தானே. கதையுங்கோவன்."

மாமியின் முக்காடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன். "கொப்பை ஏன் தறிக்க வேண்டும்?"

"ஏனெண்டு உனக்குத் தெரியாதா வாகையே? நீதானே எங்கட தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிறாய்."

மூன்றாவது கேள்விக்குப் போகுமுன் ஓவசியர் பேனையை மூடிவிட்டார். அவர் எழுதிய குறிப்பைக் கந்தோரில் சேர்மன் சத்தமாக வாசித்தார். "விண்ணப்பதாரி மரத்துடன் பேசுகிறார். கிளாக்கரும் மரத்துடனேயே பேசுகிறார். மரம் பதில் சொல்லவில்லை." பியோன் வெளியே போய்ச் சிரித்தான், அது உள்ளேயும் கேட்டது.

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. வேறொருவரை விசாரிக்க வைக்கலாமா என்று சேர்மனைக் கேட்டேன். மாமி என் சொந்தக்காரி என்று காரணமும் சொன்னேன்.

"சொந்தமெண்டு பாத்தா இந்த ஊரில ஒரு கொப்பும் தறிக்க ஏலாது. மரக் கிளாக்கர் நீங்க ஒராள்தான்."

"அப்ப அந்த விதியைக் கொஞ்சம் மாத்தினா?"

"எவ்வளவு அருமையான விதி! அதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் மூக்குத்தூள் டப்பாவைத் திறந்தார். விதிகளை மாற்றும் கூட்டம் தை பிறந்த பிறகுதான் என்று தெரிந்தது.

களவாகத் தறித்துவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. மரக் கிளாக்கர் வீட்டு மரத்திலேயே கொப்பைக் காணோம் என்றால் எனக்கு உத்தியோகம் இருக்காது. உத்தியோகம் இல்லாத மருமகனைப் பற்றி மாமி விளக்குமாற்றிடம் என்ன சொல்லுவார் என்பதையும் யோசித்துப் பார்த்தேன்.

வீட்டில் என் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மரியாதைகளிலெல்லாம் பொறுமை குறைவு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூடத்து மாலின் நடுவில் நின்று, குசினிப் பக்கம் ஒரு தரமும் என் பக்கம் ஒரு தரமும் திரும்பித் திரும்பிப் பேசினாள்.

"அங்கால அம்மா வாய் திறக்க மாட்டா. இஞ்சால நீங்க கண் திறக்க மாட்டீங்க. நான் ஒரு புள்ளையைத்தான் சுமக்கிறன் எண்டு நினைச்சிருந்தன். இப்ப பாத்தா மூணு!"

கொப்பு இறங்கும்வரை மாமியின் அறையில் போய்ப் படுத்துக்கொள் என்று அவளுக்குச் சொன்னேன். அந்த அறைக்கு நான் போக முடியாது, ஆனால் அவளாவது பத்திரமாக இருப்பாள். அவள் கேட்கவில்லை. "உங்களைத் தனிய விட்டுப்போட்டு நான் அங்க நித்திரை கொள்ளுறதா? விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழட்டும்" என்றாள். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த விசாரணைக்கு எங்களைத் தயார்ப்படுத்துவது தன் பொறுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். வாழைமரம் ஒன்றுக்குத் தாயின் சேலையைச் சுற்றிவிட்டு, "இதுதான் மாமி. முகத்தைப் பாத்துக் கேளுங்க" என்று என்னை நிறுத்தினாள். எனக்கு வாழைமரத்தின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் குசினியில், என்னுடைய கோட்டை மாட்டிவிட்ட உலக்கைக்கு மாமி பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். உலக்கையோடு அவர் நன்றாகத்தான் பேசினார். நான் உலக்கையாகவே இருந்திருந்தால் ஒரு தொந்தரவுமில்லை.

பழகியது போதும் என்று நாங்கள் நினைத்திருந்த சமயத்தில்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்த நேரம். வாடைக்காற்று அந்த வருஷம் முந்தியே தொடங்கிவிட்டது. என் மனைவி அறையில் படுத்திருந்தவள், தண்ணீர் குடிக்க எழுந்து குசினிக்குப் போனாள். குடத்திலிருந்து செம்பில் வார்க்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது பெரிய கொப்பின் பக்கக் கிளையொன்று முறிந்து கூரையில் விழுந்த சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரையில் ஒரு வட்டத்துக்கு வானம் தெரிந்தது. நாலைந்து ஓடுகள் உடைந்து அவளுடைய தலையணையின் மேலேயே கிடந்தன. தலையணையில் அவளுடைய தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது. மணிக்கட்டிலும் மெல்லிய கிளைதான் அது. பெரிய கொப்பு இன்னும் மேலேயே இருந்தது.

மாமி உள்ளே வந்தார். நான் நிற்கும்போது அவர் எங்கள் அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தரம். குனிந்து ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டினார். கோழி கதவடியில் வந்து நின்றது. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர் குடத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை, விளக்குமாற்றுக்கும் சொல்லவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

ஐப்பசியில் மறு விசாரணைக்கு நாள் வந்தது. ஓவசியர் சைக்கிளை இந்தத் தரம் மரத்திலிருந்து தள்ளியே நிறுத்தினார். நான் மரத்தடியில் பத்திரத்தோடு நின்றேன். மாமி வந்தார். மரத்துக்குப் பின்னால் போகவில்லை. நேரே எனக்கு முன்னால், இரண்டு முழத் தூரத்தில் வந்து நின்று, தலையிலிருந்த முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டார்.

இவ்வளவு நாளும் அந்த வீட்டில் சாப்பிட்டவன், அன்றைக்குத்தான் என் மாமியின் முகத்தைக் கண்டேன். என் மனைவியின் கண்கள் அப்படியே அங்கே இருந்தன. நெற்றியில் வியர்த்திருந்தது. கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. இவ்வளவையும் ஒரு நொடிக்குள் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கண் தானாகவே தகரத்துக்குப் போய்விட்டது.

"இந்த மரம் யாருடையது?" என்று தகரத்தைக் கேட்டேன்.

"மருமகன்," என்றார் மாமி.

அவர் என்னை நேரே அழைத்த முதல் சொல் அது. ஓவசியர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைப் பாத்துக் கேளுங்க. கொப்புத்தான் மரத்தில கிடக்கு. பதில் என்னட்டக் கிடக்கு."

"கிளாக்கர், அம்மாவைப் பாருங்கோ" என்றார் ஓவசியர் மெதுவாக. ஒரு மாதத்துக்கு முன் மாமியை அதட்டியவர், இப்போது எனக்காகப் பரிதாபப்பட்டார்.

நான் பார்த்தேன். அவர் பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். மரம் அவருடையது. வைத்தது அவருடைய தாய். கொப்பு வெடித்திருக்கிறது. அதைத் தறித்தால் மரத்துக்குக் கெடுதி இல்லை, அடிமரத்தில் கோடாலி படாது என்று அவரே பார்த்துக்கொள்வார். ஒரு சொல்லும் பிசகவில்லை. கடைசிக் கேள்வி மிஞ்சியிருந்தது. கொப்பு விழுந்தால் ஆபத்துக்குள்ளாகக் கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் யார்?

"மூணு பேர்" என்றார் மாமி. "என்ட மகள். மகள்ட வயித்தில புள்ள. மறுகா..."

அவர் வாய் திறக்குமுன்பே நான் இரண்டு என்று எழுதத் தொடங்கியிருந்தேன். பேனை நின்றது.

"மறுகா நீங்க. எழுதுங்க மனே, மூணாவது நீங்கதான். அண்டைக்கு ஓடு விழக்கொள்ள எனக்கு மகளை மட்டுமா நெஞ்சு பதறினது? நான் ரெண்டும் பொம்புளப் புள்ளைகளாப் பெத்தவள். எனக்கு ஆம்புளப் புள்ள எண்டு இருக்கிறது நீங்க ஒராள்தான்."

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார். நான் பத்திரத்தில் மூன்று என்று எழுதினேன். எழுத்து ஒழுங்காக வரவில்லை. மூன்றாவது வரியில் என் பெயரை நானே எழுத வேண்டியிருந்தது, அந்த இடத்தில் மை கொஞ்சம் ஊறிவிட்டது.

ஓவசியரின் குறிப்பைச் சேர்மன் மறுநாள் வாசித்தார். "விண்ணப்பதாரி தெளிவாகப் பேசினார். கிளாக்கர் அழுதார்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "என்னத்துக்கு அழுதீங்க?"

"வெயில்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் காத்தான்குடிக் காக்கா வந்து கொப்பில் கயிறு கட்டி, ஓட்டில் ஒரு தூசும் படாமல் இறக்கிக் கொடுத்தார். போகும்போது, "கடைசியில அந்த விதியை எழுதின ஆளைப் புடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். பிடித்துவிட்டோம் என்றேன். பத்து நாளில் மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் அந்த அறையில் பயமில்லாமல் படுத்துக்கொண்டு மழையைக் கேட்டோம்.

விசாரணை முடிந்த மறுநாளே மாமி கோழியிடம் திரும்பிவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அதே அகப்பை, அதே சோறு. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். நானும் பழையபடி, "போதும்" என்று கோழிக்குச் சொன்னேன். ஆனால் சோறு முன்னையை விடக் கூடவே விழுந்தது.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை மகன் பிறந்தான். மருத்துவிச்சி கைகழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள், என் மனைவி அசந்து தூங்கிவிட்டாள். மாலில் நான் மட்டும் நின்றேன். மாமி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாங்கித் தருவதற்கு நடுவில் ஒருவருமில்லை. அவர் அங்குமிங்கும் பார்த்தார், பிறகு குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"மனே, இஞ்ச பாருங்க. இதுதான் உங்கட அப்பா. நல்ல மனிசன். கேள்வி கேக்கிறதெண்டா மட்டும் மரத்தைப் பாத்துத்தான் கேப்பார்."

சொல்லிக்கொண்டே பிள்ளையை என் கையில் வைத்தார். நானும் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். "ஓம் மனே. அவ சொல்லுறது சரிதான்."

அன்றோடு அந்தக் கோழிக்கு எங்கள் வீட்டில் வேலை இல்லாமற் போயிற்று.